குடிபெயர்வார் போடும் கணக்கு

மட்டக்களப்பு வாவியின் கரைகளிற் பிறந்தோர்க்கு இடம்பெயர்ந்து வாழ்தல் புதியதொன்றன்று. எழுவான்கரையிற் பிறந்தவன் படுவான்கரையிற் பெண்கொண்டு மனைவி வீட்டிலேயே குடியமர்வதும், படுவான்கரை வட்டைகளில் வெள்ளாமை செய்தவன் வெட்டு முடிந்தபின் தோணியேறி வீடு திரும்புவதும் எம் முன்னோர் வாழ்க்கையில் இயல்பாக நிகழ்ந்தவை. ஆனால் அப்பெயர்ச்சிகளெல்லாம் ஒரே வாவியின் இரு கரைகளுக்கிடையே நடந்தன. காலையிற் போனவன் மாலையில் மீளலாம். ஒரு கரையிற் குறைந்ததை மறுகரையில் வாழும் சுற்றத்தார் நிறைத்துவிடுவர். எமது கல்லூரியினின்றும் இன்று வெளியேறும் இளைஞர்களை எதிர்நோக்கும் வினா இத்தகையதன்று. மட்டுநகரில் நிலைப்பதா, கொழும்பிற் சென்று குடியேறுவதா என்பதே அவ்வினா. பழைய மாணவர் இருவர் சந்திக்குமிடத்தெல்லாம் இப்பேச்சு எழுகின்றது. எழுந்தவுடன் ஒருவர் சம்பளத்தைச் சொல்ல, மற்றவர் வீட்டு வாடகையைச் சொல்ல, கணக்கு அத்துடன் முடிந்துவிடுகின்றது. அக்கணக்குப் பிழையாகப் போடப்படுகின்றது என்பது எமது கருத்து. அதனைச் சற்று விரித்துக் கூறுதற்கே இம்மலரில் இடங்கேட்டோம்.

மட்டக்களப்புக்குப் புகையிரதப் பாதை வந்தது 1928ஆம் ஆண்டில். அன்றுதொட்டு, மாலையில் வண்டியேறி மறுநாள் விடியலிற் கொழும்புக் கோட்டையில் இறங்கும் எம்மவர் தொகை வளர்ந்துகொண்டே வந்தது. அக்காலத்து உத்தியோகத்தர் பெரும்பாலும் தனியே சென்றனர். நாலைந்து பேர் கூடி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையலுக்கு ஒருவரை அமர்த்தி, செலவைப் பங்கிட்டுக் கொள்வர். இக்கூட்டு வாழ்க்கையைச் 'சமறி' என்று வழங்குவர். மனைவி மக்கள் ஊரிலே, மனைவியின் தாய்வீட்டு வளவில் இருப்பர். மாதமுடிவிற் காசுக்கட்டளை ஊருக்கு வரும். தீபாவளிக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் ஆள் வருவார். ஓய்வு பெற்றதும் பெட்டி படுக்கையுடன் நிலையாக வந்துசேர்வார். அம்முறையில் துன்பம் மிகுதி. பிள்ளைகள் தந்தையின் முகத்தை ஆண்டில் இரண்டு மூன்று தடவையே கண்டு வளர்ந்தனர். ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அவர்கள் கொழும்பில் உழைத்தார்களேயன்றி, கொழும்பில் வாழ்வதற்கென்று பெருஞ்செலவு செய்தாரல்லர். இன்றைய இளைஞர் குடும்பத்தோடு செல்கின்றனர். தனியாள் கணக்கு குடும்பத்துக்குப் பொருந்தாது. இதனை மறந்து, 'எங்கள் தந்தையார் கொழும்பில் உழைத்துத்தானே வீடு கட்டினார்' என்று கேட்பார் பலருளர். அவர் கட்டிய வீடு கல்லடியிலும் ஆரையம்பதியிலும் அல்லவா நிற்கின்றது!

ஊர்விட்டுப் போதல் குற்றமென்று நாம் கூற வந்தோமல்லோம். 1892ஆம் ஆண்டிற் காரைதீவிலே தோன்றிய விபுலாநந்த அடிகள் ஆசிரியப் பயிற்சிக்கெனக் கொழும்பு சென்றவர். பின்னர் யாழ்ப்பாணம், சென்னை, அண்ணாமலைநகர், இமயச் சாரலிலுள்ள மாயாவதி என்று எத்தனையோ இடங்களில் வாழ்ந்து, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். 1947இல் அவர் மறைந்தபோது அவரது உடல் கல்லடி உப்போடையிலே, சிவானந்த வித்தியாலய வளவிலே அடக்கஞ் செய்யப்பெற்றது. அடிகளைப் பின்பற்றியே வெளியூர் போகின்றோம் என்று சொல்லுவோரும் உளர். சொல்லட்டும். ஆனால் துறவியாகிய அடிகளுக்கு வீட்டு வாடகையும் இல்லை, பெண்மக்களுக்குச் சீதன வீடு கட்டும் கவலையும் இல்லை. இல்லறத்தார் கணக்கு வேறு.

முதலிற் பண்டங்களின் விலையை எடுத்துக்கொள்வோம். கொழும்பில் எல்லாம் தீவிலை என்பது ஊர்ப்பேச்சு. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம், ஒருவர் மாதமொன்றுக்குத் தம் அடிப்படைத் தேவைகளை நிறைவேற்றுதற்கு எவ்வளவு தொகை வேண்டும் என்பதை மாவட்டந்தோறும் கணித்து, வறுமைக்கோடு என்னும் பெயரால் வெளியிட்டு வருகின்றது. அண்மை ஆண்டுகளின் பட்டியல்களில் உச்சியில் நிற்பது கொழும்பு. அடியில் நிற்பது மொனறாகலை. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கே! ஊர்ப்பேச்சிற் கேட்கும் வேறுபாட்டுக்கும் இதற்கும் எத்துணைத் தூரம்! அரிசியும் பருப்பும் சீனியும் மாவும் ஓரிடத்திற் சிறிது கூடும், ஓரிடத்திற் சிறிது குறையும். மின்கட்டணம் தீவு முழுவதற்கும் ஒன்றே. கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும் பொருள், முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் லொறியேறி எம்மிடம் வருதலால், சில பண்டங்கள் இங்கேதான் விலை கூடியன. எம் வாவியின் இறாலைக்கூட, பெரியதாயின் பனிக்கட்டிப் பெட்டியில் அடுக்கிக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு, எஞ்சிய சிறியதை நாம் பேரம்பேசி வாங்குகின்றோம்.

2022ஆம் ஆண்டின் நெருக்கடி இதனை நன்கு விளக்கிற்று. அவ்வாண்டு யூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவாயிற்று. ஓகத்து மாதத்தில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவுக்கு ஏறிற்று. செத்தெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 சதவீதம்; உணவுக்கு மட்டும் எடுத்தால் 94.9 சதவீதம். சுட்டெண்ணின் பெயரிற் கொழும்பு இருந்தமையால் மட்டக்களப்புத் தப்பிவிடவில்லை. மண்ணெண்ணெயில் இயந்திரப் படகு ஓட்டும் எம் மீனவர்க்கு அவ்வடி கொழும்பாரினும் கடுமையாகவே விழுந்தது. எனவே கடையிலே வாங்கும் பொருள்களை மட்டும் ஒப்புநோக்குவோர்க்கு இரு நகரங்களும் பெரிதும் வேறுபட்டனவாகத் தோன்றா.

அவ்வாறாயின் கொழும்பு வாழ்க்கை எவ்வாறு பணத்தை விழுங்குகின்றது? மட்டக்களப்பில் நாம் விலை கொடுத்து வாங்காத பொருள்களை அங்கே விலை கொடுத்து வாங்கவேண்டியிருத்தலே காரணம். எமது கணக்குப் புத்தகத்தில் அவற்றுக்கு நிரலே இல்லை. இல்லாத நிரலை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

2024ஆம் ஆண்டு முடிவிலும் 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்திலும் தேங்காய் ஒன்றின் விலை இருநூறு ரூபாவை எட்டியபோது, நாடெங்கும் அதுவே பேச்சாயிருந்தது. வளவில் நாலு தென்னை நிற்கும் வீட்டில் அப்பேச்சு அவ்வளவாக எழவில்லை. முருங்கை, மா, வாழை, கறிவேப்பிலை, கோழிமுட்டை ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். உன்னிச்சைக் குளத்து நீர் குழாய்வழி வந்தபின்னும் கிணற்றைத் தூர்த்தவர் எம்மிற் சிலரே; குளிப்பும் துவைப்பும் கிணற்றடியில் நடக்கின்றன. வயற்காணி உடையவர்க்கு ஆண்டு முழுவதற்குமான அரிசி, பெரும்போக வெட்டோடு வீட்டுக்கு வந்துவிடுகின்றது. காணி இல்லாதவர்க்கும் சுற்றத்தார் ஒரு மூடை கொடுத்துதவுவர். இவை அற்பமென்று தள்ளுவார் தள்ளட்டும். அற்பமல்லாத ஒன்று உண்டு. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டிற் கைக்குழந்தையைப் பார்ப்பவர் யார்? இங்கே அம்மம்மா பார்ப்பார். அவருக்கு இயலாத நாளில் அடுத்த படலையைத் திறந்து சின்னம்மா வருவார். கொழும்பில் அதற்கோர் ஆளுக்குச் சம்பளம், அன்றேல் பகற்பராமரிப்பு நிலையத்துக்குக் கட்டணம். பாட்டியார் அன்பின் விலை இவ்வளவென்று எழுதிப் பார்க்க எமக்கும் கூச்சமாகவே இருக்கின்றது. ஆனால் கொழும்பு அதற்கு மாதந்தோறும் சிட்டை தருகின்றது.

ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் எம் கற்பனையே; வாசகர் தத்தம் தொகைகளை அவ்விடத்தில் இட்டுக்கொள்க. மட்டுநகரில் ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து மாதம் 150,000 ரூபா உழைக்கின்றனர். வாழ்வது மனைவியின் சீதன வீட்டில். கணவனுக்குக் கொழும்பிலே 100,000 ரூபா கூடிய சம்பளத்தில் வேலை கிடைக்கின்றது. மனைவி ஆசிரியை, இடமாற்றம் பெற்றால் அதே சம்பளம். வெள்ளவத்தையிலோ தெகிவளையிலோ ஒரு தொடர்மாடி இல்லத்துக்கு வாடகை 80,000 என்போம். குழந்தையைப் பார்ப்பதற்கு 25,000. மூத்த பிள்ளையின் பாடசாலை வாகனத்துக்கு 12,000. வளவிற் கிடைத்த தேங்காய், மரக்கறி முதலியவற்றைக் காசுக்கு வாங்குவதற்கு 13,000. நன்மை தீமைகளுக்கு ஊர் வந்துபோகும் செலவை மாதத்துக்குப் பகிர்ந்தால் 10,000. கூட்டினால் 140,000. கூடிய வருமானம் நூறாயிரம். கூடிய செலவு நூற்றுநாற்பதினாயிரம். ஊர்வீட்டை 25,000 ரூபாவுக்கு வாடகைக்கு விட்டாலும் மாதம் 15,000 குறைகின்றது. குடிபுகுமுன் வீட்டுச் சொந்தக்காரர் ஆறு மாத முற்பணம் கேட்டால் 480,000 ரூபா கையில் வேண்டும். தரகர் கூலி வேறு. ஆகவே அக்குடும்பம் சம்பளம் உயர்ந்து வறியதாகின்றது. கணவனின் உயர்வு இரண்டு இலட்சமாயின் கணக்கு மாறும். அப்பொழுது போவதே அறிவுடைமை. இவ்வெல்லை எங்கேயிருக்கின்றது என்பதைப் போகுமுன் பார்க்கின்றவர் மிகச் சிலர்.

இவ்விடத்தில் எமது நாட்டார்க்கே உரிய ஒரு வழக்கத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மட்டக்களப்பிலே வீடு பெண்ணுக்கு உரியது. தாய்வழிக் குடிமுறை நிலவிய இந்நாட்டில், மகளுக்குத் திருமணமாகும்போது தாய் இருந்த வீட்டையோ, அதே வளவிற் கட்டிய மற்றொரு வீட்டையோ கொடுத்தல் இன்றும் மறையாத மரபு. தமையன்மார் கடல்கடந்து உழைப்பதும் பெரும்பாலும் தங்கையின் வீட்டுக் கூரைக்காகவே. இம்முறையின் குறைகளை நாமறிவோம். பெண்மக்களைப் பெற்ற ஏழைத் தந்தையர் கடன்பட்டு அழிந்த கதைகள் இவ்வாவிக்கரையில் ஊருக்கு ஊர் உண்டு. எனினும் அதனால் விளைந்த ஒரு நன்மை யாதெனில், இருபது பேர்ச்சசுக் காணியில் ஒரு வீடு இருந்தது இரண்டாகலாம், இரண்டு மூன்றாகலாம். அக்கா ஒரு வாசலில், தங்கை அடுத்த வாசலில், நடுவிலே ஒரு கிணறு. நிலம் பிரியும்.

தொடர்மாடி இல்லம் பிரியாது. 1970களில் இயற்றப்பட்ட சட்டங்களின்படி மாடியிலுள்ள ஓர் இல்லத்துக்குத் தனியே உறுதி எழுதலாம். விற்கலாம், ஈடு வைக்கலாம். ஆனால் இரண்டு அறை உடைய இல்லத்தை இரு பெண்களுக்கு ஓர் அறை வீதம் சீதனமாக எழுத எந்த நொத்தாரிசினாலும் இயலாது. வாங்கி முடித்த பின்னரும் மின்தூக்கிக்கும் காவலாளிக்கும் நீர்த்தொட்டிக்கும் மாதந்தோறும் பராமரிப்புப் பணம் கட்டிக்கொண்டேயிருத்தல் வேண்டும். கட்டடம் பழையதாகும், பழையதாகுந்தோறும் அப்பணம் கூடும். அறுபது வயதில் ஓய்வூதியத்துடன் அதனைக் கட்டப்போகிறவர், நாற்பது வயதில் வாங்கும்போது அதைக் கேட்பதில்லை. இதனை நாம் அழுத்திக் கூறுவதற்குக் காரணமுண்டு. கொழும்பில் இல்லம் வாங்குதற்கு வங்கி கேட்கும் முதற்பணத்தைத் திரட்ட, கல்லடியிலும் புளியந்தீவிலும் மாமாங்கத்திலும் உள்ள பரம்பரைக் காணிகளை விற்பது எம்மவரிடையே பரவி வருகின்றது. இதுவே இக்கட்டுரையில் நாம் சொல்லவந்த முதன்மையான செய்தி. கொழும்புக்குப் போங்கள், வேண்டுமாயின் இருபதாண்டு அங்கே வாடகைக்கு இருங்கள். ஆனால் ஊர் வளவை விற்று மாடியில் ஓர் இல்லம் வாங்குதல், பிரியும் முதலை விற்றுப் பிரியா முதலை வாங்குதலாகும். விற்றவர்க்கு மீண்டு வர இடமும் இல்லை. வாடகை கொடுப்பது வீண்செலவு என்று பலர் நினைக்கின்றனர். திரும்பிவரும் வழியைத் திறந்து வைத்திருத்தற்குக் கொடுக்கும் காசு அது.

கோயிலுரிமை முதலிய சமூகத் தொடர்புகளும் வளவோடு கட்டுண்டவை. வைகாசித் திங்களிற் கண்ணகையம்மன் சடங்குக்கும், ஆடி அமாவாசையில் மாமாங்கத் தீர்த்தத்துக்கும், கொக்கட்டிச்சோலைத் தேருக்கும் கொழும்பார் வருகின்றனர். வந்து தங்குதற்குச் சொந்த வாசல் உள்ளவன் உரிமையோடு வருகின்றான். இல்லாதவன் விருந்தாளியாக வந்து போகின்றான்.

காலமும் ஒரு செலவே. காலி வீதியிற் காலையும் மாலையும் நகரும் வாகன வரிசையைக் கண்டோர் இதை அறிவர். நாளொன்றுக்கு இரண்டு மணிநேரம் பயணத்திற் கழியுமாயின், 250 வேலை நாளில் 500 மணிநேரம். இருபது முழு நாள்களுக்கு மேல். மட்டுநகரிற் துவிச்சக்கர வண்டியிற் பத்து நிமிடத்திற் கந்தோரை அடைகிறவர் இந்த இருபது நாளை என்ன செய்கின்றார் என்று கேட்டால், பெரும்பாலும் வீணாக்குகின்றார் என்றே சொல்லவேண்டியிருக்கும். எங்கள் நகரத்து மாலைப்பொழுது தேநீர்க் கடையிற் கரைவதை நாமும் பார்க்கின்றோம். ஆயினும் வீணாக்குதற்கேனும் அக்காலம் கையில் இருக்கின்றது.

இனி மறுபக்கத்தைச் சொல்லாதுவிடின் நீதியாகாது. மட்டக்களப்பு மலிவான ஊரென்று புகழுவோர், மலிவு ஏன் என்று கேட்பதில்லை. 2012/13 ஆண்டுக் கணிப்பின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் வறுமையில் இருந்தோர் நூற்றுக்கு 19.4, கொழும்பு மாவட்டத்தில் 1.4. 2016இல் இவை முறையே 11.3 ஆகவும் 0.9 ஆகவும் குறைந்தன. ஆயினும் இடைவெளி மறையவில்லை. வாடகை குறைவாயிருப்பது, கொடுக்கக்கூடியோர் குறைவாயிருப்பதாலும் ஆகும். வந்தாறுமூலையிற் 1981ஆம் ஆண்டு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இற் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் பட்டதாரிகளை அனுப்புகின்றது. அவர்களை ஏற்கும் தொழிலகங்கள் இங்கு எத்தனை? 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் மட்டுநகர்க் காந்திப் பூங்காவில் வாரக்கணக்காக அமர்ந்திருந்ததை மறக்கலாமா? கணக்காய்வு, பொறியியல், கணினி முதலிய துறைகளிற் பயின்ற இளைஞனை நோக்கி, 'வளவிலே தென்னை நிற்கின்றது, இங்கேயே இரு' என்று சொல்லுதல் கொடுமை. அவனுக்கு வேண்டியது வேலைப்பழக்கம். அது கொழும்பில் இருக்கின்றது. படித்த பெண்களுக்கு இது இன்னும் கூடிய அளவிற் பொருந்தும். ஆசிரியத் தொழிலையும் அரசாங்கக் கந்தோரையும் விட்டால் எம் நகரில் அவர்களுக்கு எஞ்சுவன சிலவே. கடும் நோய் வந்தாலும் அவ்வாறே. எமது போதனா வைத்தியசாலை முந்திய தலைமுறை கனவிலும் காணாத அளவு வளர்ந்துள்ளது. எனினும் சில சிகிச்சைகளுக்கு இரவோடிரவாகக் கொழும்புக்கோ கண்டிக்கோ ஓடும் குடும்பங்கள் இன்றும் உள. அப்பயணச் செலவையும், வைத்தியசாலை வாசலில் தங்குமிடம் தேடி அலையும் துன்பத்தையும் மட்டக்களப்பின் கணக்கிலேதான் எழுதவேண்டும்.

அரசாங்க உத்தியோகத்தர் நிலை வேறு. அவர்களது அடிப்படைச் சம்பளத் திட்டம் தீவு முழுவதற்கும் பொதுவானது. கொழும்பிலிருக்கும் எழுதுநருக்கும் களுவாஞ்சிக்குடியிலிருக்கும் எழுதுநருக்கும் ஒரே தொகை. அங்ஙனமிருக்கக் கொழும்பு இடமாற்றத்துக்கு அலைகின்ற எம் நண்பர் சிலரைக் காணும்போது, அவர்கள் எந்தக் கூட்டல் வாய்ப்பாட்டைப் படித்தார்கள் என்று ஐயுறுகின்றோம். படித்தது எமது கல்லூரியிலாதலால் வெளியிற் சொல்லவும் முடியவில்லை.

'பிள்ளைகளின் கல்விக்காகப் போகின்றோம்' என்பது பலர் கூறும் காரணம். ஆங்கிலமும் சிங்களமும் பழகுதற்குக் கொழும்பு ஏற்ற இடம், மறுப்பார் இல்லை. ஆனால் மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்குப் பல்கலைக்கழக அனுமதி எவ்வாறு வழங்கப்படுகின்றது என்பதைப் பெற்றோர் ஆராய்ந்தறிதல் வேண்டும். இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைப்படி. 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படி. எஞ்சிய 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கியனவாகக் கொள்ளப்பட்ட மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பு அவற்றுள் ஒன்று. மாணவன் எந்த மாவட்டத்தைச் சேர்ந்தவன் என்பது பெரும்பாலும் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் அவன் எங்கே கற்றான் என்பதைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றது. க. பொ. த. உயர்தர வகுப்புக்கென்று பிள்ளையைக் கொழும்புக்குக் கொண்டுசெல்லும் தந்தை, அவனை நாட்டிலேயே போட்டி மிகுந்த மாவட்டத்திற் கொண்டுபோய் நிறுத்துகின்றார். அதே புள்ளியை இங்கே பெற்றிருந்தால் இடங்கிடைத்திருக்கும் என்று பின்னர் வருந்தியோர் எம்முள்ளே இருக்கின்றனர். இம்முறை நீதியானதா என்பது வேறு வழக்கு. இருக்கும்வரை அதனை அறியாது பெட்டி கட்டுதல் கூடாது.

பாதுகாப்பென்னும் செலவையும் எம் தலைமுறை மறந்து கணக்கெழுத முடியாது. 1983ஆம் ஆண்டு யூலை மாதத்திற் கொழும்பிலே தம் உடைமையெல்லாம் இழந்து ஊர் திரும்பியோரை நாமறிவோம். 2007ஆம் ஆண்டு யூன் 7ஆம் நாள், கொழும்பு விடுதிகளிலே தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர்நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது. வாடகை கொடுத்தவனுக்கு உறைவிடம் உறுதியன்று என்பதை அந்நாள் காட்டிற்று. ஆயினும் ஊரில் இருந்தோர் சுகமாயிருந்தனரா? 1978 நவம்பர்ச் சூறாவளி கூரைகளையும் தென்னைகளையும் ஒரே இரவிற் கொண்டுபோயிற்று. 1990இலும் 2006, 2007 ஆண்டுகளிலும் படுவான்கரையும் வாகரையும் கண்ட இடப்பெயர்வை எழுத ஒரு மலர் போதாது. 2004 திசெம்பர் 26ஆம் நாட் கடற்பேரலையின் பின்னர் நாவலடி மக்கள் பலர் திராய்மடுவிற் குடியேற்றப்பட்டனர். அங்கே கல்வீடு கிடைத்தது, கடல் தூரமாயிற்று. காலையில் வலையெடுத்து நடந்து சென்ற மீனவன் வண்டிக்குக் காசு கொடுத்துத் தொழிலுக்குப் போகலானான். நகரம் விட்டு நகரம் போவார்க்கும் இதிற் பாடமுண்டு. வீட்டின் தரத்தை மட்டும் பார்த்து, வீட்டுக்கும் தொழிலுக்கும் இடையேயுள்ள வழியைப் பாராதுவிட்டால், வழிச்செலவே வீட்டை விழுங்கிவிடும்.

2022ஆம் ஆண்டில் இந்நாட்டிலே ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட கடவுச்சீட்டுகள் வழங்கப்பட்டன. பலருக்குக் கொழும்பு இன்று ஊரன்று, விமான நிலையத்துக்குப் போகும் வழியில் உள்ள தங்குமடம். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் எம் பழைய மாணவர் இவ்வாடகைக் கணக்கை எம்மினும் நன்கறிவர். அங்கேயும் உழைப்பின் பெரும்பங்கு வீட்டுக்கே போகின்றது. அவர்கள் அன்போடு அனுப்பும் பணத்தினால் மட்டுநகரில் எழுந்த அழகிய வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. அவ்வீடுகளை அடுத்த காணிகளின் விலை, உள்ளூர் ஆசிரியர் ஒருவர் எட்டமுடியாத உயரத்துக்குப் போய்விட்டது. ஊரிலேயே இருப்பவனுக்கு ஊர் எட்டாக்கனியாவது வேடிக்கையன்று. இதற்கு ஒரு மாற்று வழி, எம் கண்முன்னே, வாவிக்கு அப்பால் இருக்கின்றது. முன்னெல்லாம் மண்முனைத் துறையில் 'பாதை'க்காகக் காத்துநின்று கடந்தோம். 2014இல் அங்கே பாலம் திறக்கப்பட்டது. வலையிறவு வழியும் உண்டு. நகரிலே தொழில், படுவான்கரையிலே வீடு என்று வாழ்தல் இன்று இயலக்கூடிய காரியம். படுவான்கரையைப் 'பின்தங்கிய பகுதி' என்று சொல்லிச் சொல்லி நாமே அதன் மதிப்பைக் குறைத்தோம். கொழும்புக்குப் போவதைப் பெருமையாகவும் கொக்கட்டிச்சோலைக்குப் போவதைத் தண்டனையாகவும் எண்ணும் எம் மனப்பான்மைக்கு எந்தப் புள்ளிவிபரத்திலும் ஆதாரம் இல்லை.

எமது ஆலோசனை இதுவே. தனியார் துறையிற் பழக்கம் பெறவேண்டிய இளைஞரும் பெண்களும் திருமணத்துக்கு முந்திய ஆண்டுகளில் தயங்காது கொழும்பு செல்க. பழைய சமறி முறையை இழிவென்று கருதாது நாலுபேர் கூடி வாழ்க. பிள்ளைகள் பிறந்தபின் கணக்கை மறுபடியும் புதிதாகப் போடுக. முன்னர்ப் போட்ட கணக்கு அப்பொழுது செல்லாது. அரசாங்க ஊழியர் கூடியவரை ஊரை நாடுக. ஊர் வளவை எக்காரணங்கொண்டும் முதற்பணமாக்கற்க.

இளைஞர்க்கு இவ்வளவு கூறிய நாம், எம் பங்குக்கு ஒன்று செய்தலும் வேண்டும். வேலை தேடிக் கொழும்பு செல்லும் எம் மாணவனை முதல் ஆறு மாதமே நசுக்குகின்றது. முற்பணம், தரகர் கூலி, அறிமுகமின்மை, மொழித் தட்டுப்பாடு என்று எல்லாம் ஒருங்கே வருகின்றன. கொழும்பில் வாழும் பழைய மாணவர்கள் கூடி ஒரு வீட்டை நீண்டகால வாடகைக்கு எடுத்து, புதிதாக வருவோர் பத்துப்பேர் ஆறு மாதம் குறைந்த கட்டணத்தில் தங்க இடமளித்தால், அவ்வீடு இரண்டொரு ஆண்டிலேயே தன் செலவைத் தானே தாங்கிக்கொள்ளும். பெண்களுக்கு வேறாக ஒன்று வேண்டும். வைத்தியசாலைக்கு வருவோர் ஓரிரவு தங்க அதில் ஓர் அறையை ஒதுக்கலாம். விழா மண்டபத்துக்கும் விருந்துக்கும் ஆகும் செலவிற் பாதி, முற்பணத்துக்குப் போதியதாகும். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனை முன்மொழிய எண்ணியுள்ளோம். கொழும்பிலிருக்கும் அன்பர்கள் தத்தம் பகுதியில் வாடகைக்குள்ள வீடுகளின் விபரத்தை அதற்குமுன் எமக்கு எழுதியறிவித்தால் உதவியாயிருக்கும்.